அப்பச்சி வீட்டு அட்டாலியில் கிடைத்த ‘கொங்கு தேச ராஜாக்கள்’: இது மூல ஏடா, நகலா?

காங்கேயத்தான் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கமுங்க. சரித்திரம் படித்தவன் இல்லை, மில்லில் வேலை பார்க்கிறவன், தப்பாகக் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பச்சி (அம்மாவின் அப்பா) காலமாகி வருஷம் ஆறு ஆகிறது. வீட்டை இடித்துக் கட்டலாம் என்று போன மாதம் அட்டாலியை, அதாவது பரணை, காலி பண்ணினோம். அண்டா, கலப்பைக் கொழு, உடைந்த கவளி என்று எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு தகரப் பெட்டி. உள்ளே ரெண்டு சாமான். ஒன்று ஏட்டுக் கட்டு, முழத்துக்குக் கொஞ்சம் குறைவான நீளம், மேலும் கீழும் மரச்சட்டம், துளையில் கோத்த கயிறு இற்றுப் போயிருக்கிறது. இன்னொன்று கெட்டி அட்டை போட்ட கோடு போட்ட நோட்டு, நீல மையில் அப்பச்சி கையெழுத்து. முதல் பக்கத்தில் ‘கொங்கு தேச ராஜாக்கள்’ என்று பெரிதாக எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறார்.

நோட்டை ஒருவாறு படித்துவிட்டேன். வீரராய சக்கரவர்த்தி, கோவிந்தராயர், கிருஷ்ணராயர் என்று ஆரம்பித்து, ஸ்கந்தபுரம் என்கிற பட்டணத்தில் இருந்து ஆண்டார்கள் என்று வருகிறது. அப்புறம் கொங்கணிவர்மன், மாதவன், அரிவர்மன், தலைக்காடு, பிறகு சோழர், கடைசியில் விஜயநகரத்து ராயர்கள். ஏட்டை என்னால் படிக்க முடியவில்லை, பத்து எழுத்துக்கு ரெண்டு எழுத்துதான் பிடிபடுகிறது. ஏட்டைப் பார்த்துத்தான் அப்பச்சி நோட்டில் எழுதினார் என்று வீட்டில் எல்லாரும் நம்புகிறார்கள்.

இப்போது சிக்கல் என்னவென்றால், பழைய சாமான் வாங்குகிற ஒருத்தர் மாமனிடம் வந்து, “வெள்ளைக்காரன் கொண்டுபோனது நகல், மூல ஏடு உங்கள் வீட்டில்தான் இருக்கிறது, ரெண்டையும் சேர்த்துப் பதினைந்தாயிரம் தருகிறேன்” என்று சொல்லியிருக்கிறார். மாமன் கொடுத்துவிடலாம் என்கிறார். அமுச்சி (அம்மாவின் அம்மா) வேண்டாம் என்கிறது. இது மூலம்தானா? யார் எழுதினது, யாரிடம் இருந்தது, எப்படி எங்கள் வீட்டுக்கு வந்தது என்று கண்டுபிடிக்க வழி உண்டா?


ஏட்டுப்பூச்சி எழுதியது:

தம்பி, முதலில் அந்த ஆளிடம் எதையும் கொடுக்காதீர்கள். ரெண்டாவது, ஏட்டைத் துடைக்கிறேன் என்று தேங்காய் எண்ணெய், விளக்கெண்ணெய் எதையும் தடவிவிடாதீர்கள். கயிற்றை இழுத்துப் பிரிக்கவும் வேண்டாம், இற்றுப்போன கயிறு துளையைக் கிழித்துவிடும். ஒரு பழைய வேட்டித் துணியில் சுற்றி, காற்றாடும் இடத்தில் வையுங்கள். வசம்பு ரெண்டு துண்டு பக்கத்தில் போட்டால் போதும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ‘கொங்கு தேச ராஜாக்கள்’ தெரியாத நூல் இல்லை. தமிழ் உரைநடையில் எழுதின ராஜவரிசை, இன்ன ராஜா இத்தனாவது சக வருஷம் (கி.பி. கணக்கில் 78 குறைத்தது) இன்னாருக்கு இன்ன கிராமம் தானம் கொடுத்தார் என்கிற மாதிரி போகும். இன்றைக்கு நமக்குத் தெரிகிற அதன் சரித்திரம் காலின் மெக்கன்சி என்கிற வெள்ளைக்காரரின் தொகுப்பில் இருந்துதான் தொடங்குகிறது. அதற்கு முன்னால் எந்த ஊரில், யார் வீட்டுப் பரணில் இருந்தது என்று சொல்லத் தொகுப்புக்குள்ளேயே தடயம் தேட வேண்டியதுதான், ஆகையால் உங்கள் வீட்டில் இருப்பது ‘மூலம்’ என்று ஒரு வியாபாரி அடித்துச் சொல்கிறார் என்றால் அவர் விற்கிறவர் பேச்சைப் பேசுகிறார், அவ்வளவுதான்.

மெக்கன்சி ஸ்காட்லாந்துக்கு மேற்கே ஒரு தீவில் பிறந்தவர், 1783ல் சென்னைக்கு வந்தார், கும்பினிப் (கிழக்கிந்தியக் கம்பெனி) பட்டாளத்தில் இன்ஜினியர். 1799ல் திப்பு விழுந்தார், அதே வருஷம் நம்ம கோயமுத்தூர்ச் சீமையும் கும்பினி கைக்குப் போனது. மைசூரை அளக்கிற வேலை இவருக்கு வந்தது. அளந்தபடியே ஊர் ஊராகக் கைபீது (ஊர் வரலாற்றுக் குறிப்பு), வமிசாவளி, கல்வெட்டுப் படி எல்லாம் சேர்க்க ஆரம்பித்தார். சேர்த்தார் என்று சொல்கிறோமே ஒழிய, மனிதருக்கு நம்ம பாஷைகள் தெரியாது. உண்மையில் சேர்த்தவர்கள் காவலி வேங்கட போரய்யா, அவர் 1803ல் இறந்த பிறகு தம்பி லட்சுமய்யா, அவர்களுக்குக் கீழே ஊர் சுற்றின ஒரு கூட்டம். இவர்கள் ஒரு ஊருக்குப் போவார்கள், கணக்குப்பிள்ளையிடமோ மடத்திலோ கோயில் குருக்களிடமோ ஏடு இருக்கிறதென்று கேள்விப்பட்டால் பேசிப் பார்ப்பார்கள். கொடுக்கிறவர் கொடுப்பார். கொடுக்க மனசில்லாதவரிடம், உட்கார்ந்து பெயர்த்து எழுதிக்கொள்வார்கள்.

இதைக் கவனியுங்கள், உங்கள் கேள்விக்குப் பாதி பதில் இங்கேதான் இருக்கிறது. பெயர்த்து எழுதிக்கொண்டு போனால், பழைய ஏடு அந்த வீட்டிலேயே தங்கிவிடும். ஆகையால் ஊரில் ஒரு பழைய பிரதி மிச்சம் இருப்பது நடக்காத காரியம் இல்லை. ஆனால் ஓலை தென்னாட்டு வெக்கையிலும் பூச்சியிலும் முந்நூறு வருஷம் தாங்கினாலே பெரிது, அதற்கு மேல் பிழைத்தவை கொஞ்சம். இற்றுப்போகிற ஏட்டைப் புது ஏட்டில் பெயர்த்து எழுதிவிட்டு, பழையதை ஆடிப் பதினெட்டுக்கு ஆற்றில் விடுவது நம்ம வழக்கம். பவானி கூடுதுறையில் எத்தனை ராஜாக்கள் மிதந்து போனார்களோ. கடைசி கடைசியாக எழுதினவருடைய பிரதிதான் எல்லாருக்கும் மூலம்.

ஏட்டின் முதல் ஓலையையும் கடைசி ஓலையையும் வெளிச்சத்தில் சாய்வாக வைத்துப் போட்டோ எடுத்துப் போடுங்கள். நோட்டின் எல்லாப் பக்கத்தையும் போட வேண்டாம், முதல் பக்கம், கடைசிப் பக்கம், பின் அட்டை போதும்.


நொய்யல்கரை எழுதியது:

நல்ல கதை. வெள்ளைக்காரன் வந்தான், ஊரில் இருந்ததை எல்லாம் வாரிக்கொண்டு போய் லண்டனில் வைத்துக்கொண்டான், இன்றைக்கு நம்ம ராஜாக்கள் பெயரைத் தெரிந்துகொள்ள அவனுடைய கேட்டலாக்கைப் புரட்ட வேண்டியிருக்கிறது. அவனுக்கு யார் உரிமை கொடுத்தது? தம்பி, விற்காதே, யாரிடமும் காட்டாதே. போட்டோ கூடப் போடாதே. போட்டோவில் இருந்தே ஆட்கள் புத்தகம் போட்டுவிடுவார்கள்.


ஏட்டுப்பூச்சி எழுதியது:

நொய்யல்கரை அண்ணா, கோபம் சரி, ஆனால் இந்த நூல் விஷயத்தில் லண்டன் கதை பொருந்தாது. கைமாறின வரிசையைச் சொல்கிறேன், நீங்களே பாருங்கள்.

மெக்கன்சி சேர்த்தது சர்க்கார் சொத்து இல்லை, அவருடைய சொந்தச் சொத்து. பெரும்பாலும் தன் கைக்காசு போட்டுச் சேர்த்தார். 1815ல் இந்தியா முழுவதற்கும் சர்வேயர் ஜெனரல் ஆன பிறகு எல்லாம் அவரோடு கல்கத்தாவுக்குப் போனது, லட்சுமய்யாவும் கூடப் போனார். 1821ல் மெக்கன்சி இறந்தார். அவருடைய மனைவி பெட்ரோனெல்லா அந்த மொத்தத் தொகுப்பையும் கும்பினிக்கு ஒரு லட்சம் ரூபாய்க்கு விற்றார். அன்றைக்கு லட்ச ரூபாய் என்றால் என்ன என்று யோசித்துப் பாருங்கள், உங்கள் பதினைந்தாயிரக்காரர் நினைவுக்கு வருகிறாரா?

வாங்கினதை என்ன செய்வதென்று கும்பினிக்குத் தெரியவில்லை. ஹெச். ஹெச். வில்சன் என்கிற சம்ஸ்கிருதப் பண்டிதர் பட்டியல் போட்டு 1828ல் ரெண்டு பாகமாக வெளியிட்டார். அதில் ஊர்க் கைபீது வகை மட்டும் 2,070, கல்வெட்டுப் படிகள் 8,076 என்று கணக்கு வருகிறது. வேடிக்கை என்னவென்றால் வில்சனுக்கும் தமிழ், தெலுங்கு, கன்னடம் தெரியாது. மெக்கன்சியின் ஆட்கள் இங்கிலீஷில் எழுதி வைத்த சுருக்கங்களை வைத்துத்தான் பட்டியல் போட்டார். ஆக, தமிழ் படிக்காத ஒருவர் சேர்த்ததை, தமிழ் படிக்காத இன்னொருவர் பட்டியல் போட்டார். நடுவில் இருந்து படித்தவர்கள், பெயர்த்தவர்கள், மொழிபெயர்த்தவர்கள் எல்லாம் நம்ம ஆட்கள். அவர்கள் பேர் அட்டையில் வரவில்லை.

தொகுப்பில் ஒரு பகுதி லண்டனுக்குப் போனது வாஸ்தவம். ஆனால் தென்னாட்டு பாஷை ஏடுகள் கல்கத்தாவில் யாருக்கும் பிரயோஜனம் இல்லை என்று 1828லேயே சென்னைக்குத் திருப்பி அனுப்பினார்கள். இங்கே மெட்ராஸ் லிட்டரரி சொசைட்டி பொறுப்பில் கிடந்தது. லட்சுமய்யாவும் சென்னைக்கே வந்துவிட்டார், விட்ட வேலையைத் தொடர்ந்து செய்கிறேன், சம்பளம் கொடுங்கள் என்று மனு கொடுத்தார். கல்கத்தா ஏஷியாட்டிக் சொசைட்டியில் 1836ல் ஜேம்ஸ் பிரின்செப் முதலானவர்கள் பார்த்துவிட்டு, ஒரு இந்தியரால் தனியாக இதைச் செய்ய முடியாது என்கிற தோரணையில் தட்டிக்கழித்தார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் அதே ஏடுகளோடு வாழ்ந்தவர். அண்ணா, உங்கள் கோபத்தை இங்கே காட்டுங்கள், நானும் கூட வருகிறேன்.

அந்த வேலை வில்லியம் டெய்லர் என்கிற பாதிரியாருக்குப் போனது. அவர் பார்க்கும்போதே பல காகிதங்களில் மை வெளுத்து, பூச்சி அரித்து, படிக்க முடியாமல் கிடந்தன. அவற்றை ஆள் வைத்துப் புதுக் காகிதத்தில் மறுபடி பெயர்த்து எழுத வைத்தார். 1857, 1860, 1862 என்று மூன்று பாகமாக அவர் போட்ட பட்டியலும் இருக்கிறது. அவர் தீர்ப்புகள் பல இடத்தில் சிரிப்பு வரும், ஆனால் அவர் அன்றைக்கு நகல் எடுக்க வைத்திருக்காவிட்டால் பல பெயர்கூட மிஞ்சியிருக்காது. 1869ல் அரசு கீழ்த்திசைச் சுவடி நூலகம் என்று தனியாக ஏற்பட்டு எல்லாம் அங்கே போனது. பல வருஷம் சேப்பாக்கத்தில் பல்கலைக்கழக நூலகக் கட்டடத்தில் இருந்தது, இப்போது கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் இருக்கிறது. கோயமுத்தூரில் ராத்திரி ரயில் ஏறினால் காலையில் போய்ப் பார்க்கலாம்.

அப்புறம் 1950ல் அந்த நூலகமே இதை அச்சிலும் போட்டுவிட்டது. பதிப்பாசிரியர் நம்ம கோயமுத்தூர் வக்கீல், கோவைகிழார் என்று பேர் வாங்கின சி. எம். இராமச்சந்திரன் செட்டியார். ‘சோழன் பூர்வ பட்டயம்’ என்கிற இன்னொரு பழைய கொங்கு நூலைப் பதிப்பித்தவரும் அவரேதான். அதாவது கொங்கில் இருந்து போன நூல் கல்கத்தா வரைக்கும் சுற்றிவிட்டு, ஒரு கோயமுத்தூர்க்காரர் கையால் புத்தகமாகத் திரும்பி வந்தது.


கொடுமுடிக்காரி எழுதியது:

ஏடு கைமாறின கதையை ஏட்டுப்பூச்சி அண்ணா அழகாகச் சொல்லிவிட்டார். நான் எம்.ஏ. படிக்கும்போது இந்த நூலோடு கொஞ்சம் மல்லுக்கட்டினவள், அதனால் உள்ளே இருக்கிற சரக்கைப் பற்றிச் சொல்கிறேன். ஏனென்றால் நகல் எடுத்த கதை தெரியாமல் இந்த நூலைச் சரித்திரம் என்று நம்பி ஏமாந்தவர்கள் நிறைய.

1846ல் ஜான் டௌசன் என்பவர் ராயல் ஏஷியாட்டிக் சொசைட்டி இதழில் சேர நாட்டு எல்லை, சரித்திரம், காலம் பற்றி ஒரு பெரிய கட்டுரை எழுதினார். மெக்கன்சி தொகுப்பில் இருந்த இந்த நூலின் மொழிபெயர்ப்புதான் அவருக்கு முக்கிய ஆதாரம். கொங்கும் சேரமும் ஒன்று என்று எடுத்துக்கொண்டு, இதில் வருகிற ராஜாக்களை எல்லாம் சேரராஜாக்கள் என்று போட்டுவிட்டார். அவர்கள் சேரர் இல்லை, கொங்கணிவர்மனில் தொடங்குகிறவர்கள் மைசூர்ப் பக்கத்துத் தலைக்காட்டுக் கங்கர். அந்தக் குழப்பம் சீக்கிரம் தீரவில்லை, அப்புறம் கிடைத்த கங்கர் செப்பேடுகளைக்கூடக் கொஞ்ச காலம் சேரர் செப்பேடு என்றே எழுதிக்கொண்டிருந்தார்கள். நாலு பேர் கை மாறி வந்த ஒரு மொழிபெயர்ப்பை ஐந்தாவது ஆள் படித்தால் இப்படித்தான்.

இன்னொன்று. நூலின் ஆரம்பத்தில் கங்கருக்கு முன்னால் ஏழு ராஜாக்கள் வருகிறார்களே, கோவிந்தராயர், கிருஷ்ணராயர், கன்னரதேவர் என்று, அவை அப்படியே இராஷ்டிரகூடர் வீட்டுப் பெயர்கள். இராஷ்டிரகூடர் எட்டு, ஒன்பது, பத்தாம் நூற்றாண்டுக்காரர்கள். நூலோ அவர்களை முதல் ரெண்டு நூற்றாண்டுகளில் உட்கார வைத்துவிட்டு, கொங்கணிவர்மனுக்குச் சக வருஷம் 111, அதாவது கி.பி. 189ல் பட்டம் கட்டுகிறது. இன்றைக்கு ஆராய்ச்சிக்காரர்கள் கங்கர் தொடக்கத்தை நாலாம் நூற்றாண்டு நடுவில் வைக்கிறார்கள். நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் இடிக்கிறது. பழைய சாசனங்களையும் பின்னால் யாரோ உண்டுபண்ணின கள்ளச் சாசனங்களையும் ஒன்றாகப் பார்த்து யாரோ ஒருத்தர் பிற்காலத்தில் கோத்த மாலை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஃப்ளீட் போன்ற கல்வெட்டு ஆராய்ச்சிக்காரர்கள் இதைச் சீந்தவே மாட்டார்கள்.

அதற்காகக் குப்பை என்று தூக்கிப் போடவும் முடியாது. ஆதித்த சோழன் தஞ்சாவூரில் முடிசூடி, கொங்கு தேசத்துக்கு வந்து ஜெயித்து, தலைக்காட்டையும் பிடித்தான் என்று இதில் வருகிறது. சோழர் சரித்திரம் எழுதின நீலகண்ட சாஸ்திரியார் மாதிரிக் கறாரான ஆளே இந்த இடத்தை எடுத்துப் பேசுகிறார், காரணம் அவன் மகன் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் கொங்கிலேயே கிடைக்கின்றன, பராந்தகன் ஜெயித்ததாக எங்கும் இல்லை, அப்படியானால் அப்பன் ஜெயித்திருக்க வேண்டும். நம்பியாண்டார் நம்பி திருத்தொண்டர் திருவந்தாதியில் ‘கொங்கிற் கனகம் அணிந்த ஆதித்தன்’ என்று பாடியிருக்கிறார், சிற்றம்பலத்து முகட்டுக்குப் போட்ட பொன் நம்ம கொங்குப் பொன். எந்தத் தொடர்பும் இல்லாத ரெண்டு இடம் ஒரே சேதியைச் சொன்னால் அதை மதிக்க வேண்டும்.

வருஷக் கணக்கை மட்டும் நம்பி எதையும் எழுதிவிடாதீர்கள். இந்தப் படையெடுப்புக்குச் சக வருஷம் 816 என்கிறது நூல். பழைய எழுத்தில் ௮௱௰௬. அந்த ௮ கொஞ்சம் அழிந்து ௭ மாதிரித் தெரிந்தால் ஒரே கீறலில் நூறு வருஷம் போய்விடும். நடுவில் ஒரு ௱ விட்டுப்போனால் கதை கந்தல். பெயர்த்து எழுதுகிறவர் ராத்திரி விளக்கெண்ணெய் விளக்கில் உட்கார்ந்து எழுதுகிறார், அவருக்குச் சரித்திரம் தெரிய வேண்டும் என்று இல்லை, கூலி சரியாக வந்தால் போதும்.

தம்பி, உங்கள் நோட்டில் வருஷம் எப்படி எழுதியிருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள். சக வருஷம், அறுபது வருஷப் பெயர் மட்டுமா, பக்கத்தில் கி.பி.யும் இருக்கிறதா?


காங்கேயத்தான் எழுதியது:

அக்கா, நீங்கள் கேட்ட பிறகு போய்ப் பார்த்தேன். பல இடத்தில் சக வருஷத்துக்குப் பக்கத்தில் அடைப்புக்குள் கி.பி. போட்டிருக்கிறது. பத்தி பிரித்து, கமா, முற்றுப்புள்ளி எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. சில இடத்தில் வரிக்கு மேல் பொடியாக 1, 2 என்று எண் வருகிறது, ஆனால் அந்த எண்ணுக்குக் கீழே ஒன்றும் எழுதவில்லை.

நோட்டின் பின் அட்டையில் வாய்ப்பாடு அச்சடித்திருக்கிறது. அணா, பைசா கணக்கு, வீசை, பலம், படி, வள்ளம் எல்லாம் இருக்கிறது, நயா பைசா இல்லை. லை, னை எல்லாம் அந்தக் காலத்துத் தும்பிக்கை போட்ட எழுத்து.

முதல் ஓலை, கடைசி ஓலை போட்டோ போட்டிருக்கிறேன். நொய்யல்கரை அண்ணா கோபித்துக்கொள்ள வேண்டாம், மாமனுக்கு இப்போதே பதில் சொல்லியாக வேண்டும்.


கொடுமுடிக்காரி எழுதியது:

அப்படியானால் எனக்குச் சந்தேகமே இல்லை. ஏட்டில் எழுதுகிறவர் கி.பி. போட மாட்டார். ஓலையில் பத்தி கிடையாது, கமா கிடையாது, புள்ளி வைத்தால் ஓலை கிழியும் என்று மெய்யெழுத்துக்குப் புள்ளிகூட வைக்க மாட்டார்கள். வரிக்கு மேல் பொடி எண் என்றால் அது அடிக்குறிப்பு எண். அச்சுப் புத்தகத்தைப் பார்த்து எழுதும்போது எண்ணும் கூடவே கை வழியாக இறங்கிவிட்டது, அடிக்குறிப்பை எழுத அவருக்குப் பொறுமை இல்லை, அல்லது வேண்டாம் என்று நினைத்தார்.

காலமும் ஒத்து வருகிறது. புத்தகம் வந்தது 1950. நயா பைசா வந்தது 1957. தும்பிக்கை எழுத்து 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தினது, ஆனால் அதை ஆதாரமாக எடுக்காதீர்கள், பழைய ஆட்கள் கடைசி வரை அப்படியேதான் எழுதினார்கள். பின் அட்டை வாய்ப்பாடுதான் பலமான சாட்சி. பழைய நோட்டை வாங்கி வைத்திருந்து பின்னால் எழுதியிருந்தால் மட்டும் கொஞ்சம் தள்ளிப் போகும்.

ஆகையால் வீட்டில் நம்புகிற மாதிரி ஏட்டில் இருந்து நோட்டுக்கு வரவில்லை. ஓலை, மெக்கன்சி ஆட்களின் நகல், அதன் நகல், அச்சுப் புத்தகம், அதில் இருந்து அப்பச்சியின் நோட்டு. அச்சுக்கு வந்த பிறகும் ஒருத்தர் கையால் பெயர்த்து எழுதியிருக்கிறார் பாருங்கள், அதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது. ஏட்டில் என்ன இருக்கிறதென்று வாத்தியார் வந்து சொல்லட்டும்.


பேரூர் வாத்தியார் எழுதியது:

பார்த்தேன். ரெண்டு மணி நேரம் ஆனது, கண்ணுக்கு வயதாகிவிட்டது.

படிக்கத் தெரியவில்லை என்று தம்பி வருத்தப்பட வேண்டாம். ஏட்டில் காலும் ர-வும் ஒரே மாதிரி இருக்கும், ‘கர’ என்பதா ‘கா’ என்பதா என்று அடுத்த எழுத்தைப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும். எகரம் ஏகாரத்துக்கும் ஒகரம் ஓகாரத்துக்கும் ஒரே கொம்பு. பழகினவனுக்கே ஒரு வரிக்கு நாலு தடவை மூச்சு விட வேண்டியிருக்கும். மை தடவி வெகு காலம் ஆகிவிட்டதால் கீறல் மட்டும்தான் தெரிகிறது.

முதல் ஓலையில் பிள்ளையார் சுழி, ஒரு காப்புப் பாட்டு. அதற்குப் பிறகு ராஜாவும் இல்லை, தானமும் இல்லை. மிளகு, வசம்பு, வெள்ளைப்பூண்டு, வேப்பெண்ணெய் என்று வருகிறது, ஒவ்வொன்றுக்கும் பின்னால் இத்தனை பலம் என்கிற எடைக் கணக்கு. ‘அடைப்பான்’ என்ற சொல் மூன்று இடத்தில், ‘சப்பை’ ஒரு இடத்தில் தெளிவாக இருக்கிறது. கடைசி ஓலையில் மூக்கணாங்கயிறு போடுகிற இடத்தைப் பற்றி ஏதோ சொல்கிறது, ஓலை முனை முறிந்திருக்கிறது.

இது மாட்டு வாகடம் தம்பி. மாட்டு வைத்திய ஏடு. அடைப்பான், சப்பை எல்லாம் மாட்டு நோய்.

எழுதினவர் பேரும் வருஷமும் கடைசி ஓலையில் இருக்கும் என்று பார்த்தேன், அந்த முறிந்த முனையோடு போய்விட்டது போல. நடு ஓலைகளில் எங்காவது இருக்கலாம்.

நீங்கள் ஏமாந்தது போல நினைக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ராஜாக்கள் கதைக்குச் சென்னையில் பிரதி இருக்கிறது, அச்சு இருக்கிறது. உங்கள் ஏட்டில் இருக்கிற மருந்து முறை வேறு எங்கும் இல்லாமல் இருக்கலாம், காங்கேயம் காளை வளர்க்கிற பூமியில் மாட்டு வாகடம் கிடைப்பதில் ஆச்சரியமும் இல்லை. புலவர் செ. இராசு அய்யா கொங்குச் சமுதாய ஆவணங்களைத் தேடித் தேடிச் சேர்த்ததெல்லாம் இந்த மாதிரி வீட்டுப் பெட்டிகளில் இருந்துதான்.

விற்பதைப் பற்றி: எழுபத்தைந்து வருஷத்துக்கு மேற்பட்ட, மதிப்புள்ள சுவடிகள் 1972ம் வருஷத்துத் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும். லைசென்ஸ் இல்லாதவர் இதில் வியாபாரம் பண்ணக் கூடாது, வெளிநாட்டுக்குத் தனியார் அனுப்பவே கூடாது. அந்த ஆளிடம் லைசென்ஸ் காட்டச் சொல்லுங்கள், அப்புறம் அவர் வர மாட்டார். வீட்டிலேயே வைத்துக்கொள்வதில் ஒரு தப்பும் இல்லை. காப்பாற்ற முடியாது என்று நினைத்தால் சென்னைச் சுவடி நூலகம், தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகத்துச் சுவடித் துறை, ரெண்டு இடத்திலும் பேசிப் பாருங்கள். கொடுத்தால் கொடுத்தவர் பேர், ஊர், தேதி எழுதின ரசீது வாங்காமல் வராதீர்கள். மெக்கன்சி ஆட்களுக்கு ஏடு கொடுத்த வீட்டுக்காரர் பேரை யாராவது ஒழுங்காகக் குறித்து வைத்திருந்தால் இன்றைக்கு இத்தனை பேர் இத்தனை நேரம் பேசிக்கொண்டிருக்க மாட்டோம்.


நொய்யல்கரை எழுதியது:

வாத்தியார் சொன்னதால் சரி. ஆனால் கொடுப்பதற்கு முன்னால் எல்லா ஓலையையும் போட்டோ எடுத்து வீட்டில் ஒரு பிரதி வைத்துக்கொள். இதில் நான் மாறமாட்டேன்.


காங்கேயத்தான் எழுதியது:

மாமனிடம் சொல்லிவிட்டேன். லைசென்ஸ் கேட்டதும் அந்த ஆள், அப்புறம் வருகிறேன் என்று போனவர்தான். மாமனுக்குப் பதினைந்தாயிரம் போன வருத்தம் கொஞ்சம் இருக்கிறது.

ஏட்டை அமுச்சியிடம் காட்டி மாட்டு வாகடம் என்று சொன்னேன். “அதைத்தானே அப்போதிருந்து சொல்கிறேன், யார் கேட்டீர்கள்” என்கிறது. அப்பச்சியின் அப்பாரு மாட்டு வைத்தியம் பார்த்தவராம், சுற்றுப்பட்டில் மாடுகளுக்கு வெக்கை நோய் வந்த வருஷம் ராத்திரி பகலாக வண்டி கட்டிக்கொண்டு போவாராம், ஏட்டைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு. அவருக்கு அது யார் கொடுத்தது என்று அமுச்சிக்குத் தெரியவில்லை, கல்யாணமாகி வரும்போதே வீட்டில் இருந்ததாம்.

நோட்டைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கொடுமுடி அக்கா சொன்ன பிறகு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினேன். கடைசிக்கு முந்தின பக்கத்தில், பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருந்த இடத்தில், பென்சிலில் ரெண்டே வரி: “புஸ்தகம் இரவல். தை நோம்பிக்குள் கோயமுத்தூருக்குத் திருப்பிக் கொடுக்க வேணும்.” யாரிடம் இரவல் வாங்கினார் என்று எழுதவில்லை. நோட்டில் விஜயநகரத்து ராயர்கள் வருகிற இடத்தில் கையெழுத்து ரொம்பக் கோணலாக, அவசரமாக ஓடுவதற்குக் காரணம் இப்போது புரிகிறது.

வாத்தியார் அய்யா, வருகிற ஞாயிற்றுக்கிழமை பேரூர் வரலாம் என்று இருக்கிறேன், ஏட்டை எடுத்து வருகிறேன். அமுச்சியும் வருகிறேன் என்கிறது. மருந்துப் பேர்களில் உங்களுக்குப் பிடிபடாத சிலவற்றை அது சொல்லுமாம், ஆனால் ஏட்டை மடியில் தான்தான் வைத்துக்கொண்டு வருவேன் என்று பிடிவாதம். பஸ்ஸில் வருவதா, கார் எடுப்பதா என்பதுதான் இப்போது வீட்டில் பேச்சு.